இழுவை குறைந்த வண்டி

மேட்டில் ஏறும்போதோ, நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்ட முற்படும்போதோ, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தும் கார் முன்போல் பாயாமல் தயங்கித் தயங்கி நகருமானால், அதன் சொந்தக்காரர் மறுநாள் காலையில் ஒர்க் ஷாப் வாசலில் நின்று சொல்லுகிற முதல் வார்த்தை, “வண்டி இழுக்க மாட்டேங்குது” என்பதாகத்தான் இருக்கும். இந்தச் சிறிய வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்கள் இருபதுக்குக் குறையா. அவற்றுள் சில, கைக்காசு செலவில்லாமலே நிவர்த்தியாகக் கூடியவை. சில, என்ஜினை இறக்கிப் பிரித்தாலன்றித் தீராதவை. இரண்டு வகையும் ஓட்டுகிறவருடைய காலுக்கு ஒரே மாதிரியாகத் தெரிவதுதான் இந்த விஷயத்தில் உள்ள சங்கடம். காரணம் இன்னதென்று நிச்சயிப்பதற்கு முன்னாலேயே சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றிப் பார்ப்பதும், அது பலிக்காவிட்டால் அடுத்ததை மாற்றுவதுமான ஒரு வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. வசதியுள்ளவர்களுக்கு இது வெறும் வீண்செலவு. ஆனால் தவணைக்கு வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துகிற ஒருவரிடம், பழுதில்லாத டர்போவைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கிப் போடச் சொல்வது, பல மாதத் தவணைப் பணத்தை ஒரே பகலில் பறிப்பதாகும். ஆகவே, பாகங்களை மாற்றுவதைக் காட்டிலும் பரீட்சித்துப் பார்ப்பதே இந்தத் தொழிலின் பெரும்பகுதி என்பதை, வண்டியைப் பழுது பார்க்கிறவர்கள் மட்டுமல்லாமல் வண்டியை வைத்திருக்கிறவர்களும் அறிந்திருக்க வேண்டுமென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதற்கண் தீர்மானிக்க வேண்டியது, சக்தி குறைந்திருப்பது என்ஜினில்தானா என்பது. என்ஜின் பூரண பலத்தோடு இயங்கியும், அந்தப் பலம் சக்கரத்தைச் சேராமல் வழியிலேயே விரயமாவதுண்டு. கிளட்ச் தேய்ந்துபோன வண்டியில், நாலாவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால், ஆர்.பி.எம். முள் விறுவிறுவென்று மேலே ஏறும். ஸ்பீடோமீட்டர் முள்ளோ இருந்த இடத்தை விட்டு அசையாது. சிறிது நேரத்தில் கருகல் நாற்றமும் கிளம்பும். கிளட்ச் ஸ்லிப் ஆகிற இந்த வண்டிக்கு என்ஜினில் எத்தனை வேலை செய்தாலும் பிரயோஜனமில்லை. பிரேக் சரியாக விடாமல் உரசிக்கொண்டே வருகிற வண்டியும் இழுக்காது. அத்தகைய வண்டியைப் பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு, நான்கு சக்கரங்களின் அருகிலும், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒன்று மட்டும் அனலாகக் கொதிப்பது தெரிந்துவிடும். டயர்களில் காற்று வெகுவாகக் குறைந்திருந்தாலும் இதே புகார் எழும்.

இவற்றோடு இடத்தின் உயரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் டர்போ இல்லாத எந்த என்ஜினும் அங்கே தன் சக்தியில் அதே அளவு பங்கை இழந்தே தீரும். சிறிய பெட்ரோல் காரில் ஐந்து பேரையும் அவர்களுடைய மூட்டைமுடிச்சுகளையும் ஏற்றி, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திணறுகிறவர்கள், மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பி இறங்கியதும் வண்டி தானாகவே சுகமடைந்துவிட்டதைக் கண்டு வியப்பார்கள். அதில் எந்த மெக்கானிக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. டர்போ உள்ள வண்டி, மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால், இந்த நஷ்டத்தைப் பெருமளவு ஈடு செய்துகொள்ளும். ஆகவே டர்போ வண்டியொன்று மலையில் மட்டும் மிகவும் தளர்ந்து போகுமானால் அதைச் சந்தேகிக்க நியாயமுண்டு.

இவையெல்லாம் இல்லையென்று ஆன பிறகுதான் என்ஜினுக்கு வர வேண்டும். ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ 1876-ஆம் ஆண்டில் நான்கு வீச்சு என்ஜினை ஓட்டிக் காட்டிய நாள் முதல் இன்றுவரை, அதன் அடிப்படை மாறவே இல்லை: காற்றை உள்ளே இழுப்பது, அதை அழுத்துவது, எரிப்பது, எரிந்த புகையை வெளியே தள்ளுவது. பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கின் பொறியும், டீசல் என்ஜினில் அழுத்தத்தால் உண்டாகும் உஷ்ணமுமே நெருப்பு மூட்டுகின்றன. போதிய காற்று, போதிய எரிபொருள், உரிய நேரத்தில் நெருப்பு, சிலிண்டருக்குள் கசிவில்லாத அழுத்தம், புகை தடையின்றி வெளியேற வழி ஆகிய இந்த ஐந்தில் ஏதாவதொன்று குன்றினாலொழிய எந்த என்ஜினும் இளைப்பதில்லை. நவீன காரில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருந்தாலும், அவையெல்லாம் இந்த ஐந்தையும் அளப்பதற்கும் அடக்குவதற்கும் ஏற்பட்டவையே.

ஐந்தில் காற்றை முதலில் வைத்ததற்குக் காரணமுண்டு. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எடையாகச் சொன்னால் மனத்தில் பதியாது. கொள்ளளவாகச் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. இவ்வளவு காற்றும் வண்டியின் முன்புறத்திலுள்ள ஒரு குழாயின் வாய் வழியாக நுழைந்து, காகித மடிப்புகளாலான ஒரு ஃபில்டரைக் கடந்து, கைப்பிடியளவே உள்ள த்ராட்டில் பாடியின் வழியாகத்தான் சிலிண்டரை அடைய வேண்டும். செம்மண் சாலையிலும் கட்டட வேலை நடக்கிற தெருவிலும் ஓடுகிற வண்டியின் ஏர் ஃபில்டர், புத்தகத்தில் கண்ட கிலோமீட்டருக்கு வெகு முன்னதாகவே அடைந்துபோவதுண்டு. பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில், அந்த ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே எலி பஞ்சையும் துணியையும் கொண்டுவந்து வீடு கட்டியிருக்கும். இரண்டையும் கண்டுபிடிக்கத் தேவையானது, பெட்டியின் கிளிப்புகளை நெம்பித் திறந்து பார்க்கும் சிரமம் ஒன்றுதான்.

ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு அது மெய். ஆனால் 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிக் கூடத்தார் நவீன கார்களில் வேண்டுமென்றே அடைப்பு உண்டாக்கிப் பரிசோதித்தபோது, மைலேஜில் சொல்லத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. வேகம் பிடிக்கும் திறன்தான் குறைந்தது. வருகிற காற்றை அளந்து, அதற்கேற்றபடி பெட்ரோலையும் கம்ப்யூட்டர் குறைத்துவிடுகிறது என்பதே இதற்கு விளக்கம். ஆகவே மைலேஜ் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஃபில்டரைச் சந்தேகிக்காமல் விட்டுவிடுவது சரியல்ல.

வரும் காற்றை அளப்பதற்கென்று, ஃபில்டரைத் தாண்டியதும் குழாயினுள் ஏர் ஃப்ளோ சென்சார் என்ற சிறு கருவி பல வண்டிகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட ஒரு மெல்லிய கம்பியையோ தகட்டையோ காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு அது காற்றின் எடையை நிதானிக்கிறது. எண்ணெய் தடவிய ஃபில்டரிலிருந்து வரும் பிசுக்கோ, நுண்ணிய தூசியோ அந்தக் கம்பியின்மேல் படிந்துவிட்டால், வருகிற காற்று உள்ளதைவிடக் குறைவாகக் கணக்காகி, எரிபொருளும் குறைவாக விடப்படும். அதற்கென்று விற்கிற ஸ்பிரேயை அடித்துத் தானாக உலர விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். துணியையோ பிரஷையோ அதன்மேல் படவிடக் கூடாது.

காற்றைப் பற்றிய கோளாறுகளில் மிக அதிகமாகத் தவறாக அர்த்தம் செய்துகொள்ளப்படுவது டர்போ வண்டிகளுடையது. மேட்டுப்பாளையத்தில் மலைச்சாலை தொடங்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஒரு சிறிய பட்டறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். வாடகைக்கு ஓடும் டீசல் வண்டி ஒன்றை ஓர் இளைஞர் கொண்டுவந்திருந்தார். வேறோர் இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி 0299 என்ற கோளாறு எண் வருகிறது, டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பட்டறைக்காரர் ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை.

“எந்தக் கியர்ல அடங்குதுங்க தம்பி?” என்று கேட்டார்.

“மூணாவதுலங்கண்ணா. இரண்டாயிரம் தாண்டினா உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது. அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் ஏற மாட்டேங்குது. கறுப்புப் புகையும் தள்ளுதுங்க.”

“வெறும் வண்டியிலயும் சத்தம் வருதுங்களா, ஆள் ஏத்தினா மட்டுமா?”

“ஆள் ஏத்தி மேட்டுல போனாத்தானுங்க.”

அவர் பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகிற தடித்த ரப்பர் ஹோஸைக் கீழ்ப்பக்கமாகக் கையால் தடவிக்கொண்டே போனார். கிளாம்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் கறுத்த திட்டாக இருந்தன. கிளாம்பைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வளைத்தார்; வளைக்காதபோது கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல், வளைத்ததும் விரல் நுனி நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. என்ஜின் சும்மா ஓடும்போது ஹோஸுக்குள் அழுத்தம் அற்பமாகையால் கீறல் மூடியே இருக்கும். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது டர்போ முழு அழுத்தத்தையும் கொடுக்கவே, அது திறந்துகொண்டு காற்றை வெளியே விட்டுவிடும். காற்று குறைந்து, டீசல் மட்டும் குறையாமல் இருப்பதால் கறுப்புப் புகை. டர்போவோ, நிமிஷத்துக்கு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுச் சுற்றித் தன் கடமையைக் குறைவறச் செய்துகொண்டிருந்தது. ஹோஸை மாற்றியதும், அந்த வண்டி அன்று மாலையே ஆளேற்றிக்கொண்டு மலை ஏறிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய விரல்களின் தேர்ச்சி மட்டுமல்ல, அவர் கேட்ட கேள்விகளின் ஒழுங்கு. எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பாரத்தில், சூடேறிய பிறகா குளிர்ந்திருக்கும்போதா என்ற விவரங்களே காரணங்களின் பெரிய கூட்டத்தைச் சிறிதாக்குகின்றன. மிதித்த கணத்திலிருந்தே மந்தமாக இருப்பது ஒன்று. ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். வரை நன்றாகப் போய், அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடுவது வேறொன்று. அரைமணி நேரம் ஓடிச் சூடேறியபின் தளர்வது மூன்றாவது. வண்டியை விடப் போகிறவர் இந்த விவரங்களை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்குமேல், கோளாறு எந்த நிலைமையில் தோன்றுகிறதோ அந்த நிலைமையை உண்டாக்கித்தான் பரீட்சிக்க வேண்டும். மேட்டில் தோன்றும் கோளாறை நிழலில் நிறுத்திவைத்த வண்டியில் தேடினால் அது அகப்படாது.

இனி, இக்காலத்து வண்டிகளுக்கே உரிய ஒரு விசித்திரமான பலவீனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் திடீரென்று டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். சில வண்டிகளில், என்ஜின் சக்தி குறைக்கப்பட்டிருக்கிறது என்று எழுத்திலேயே தோன்றும். அந்த நிமிஷத்திலிருந்து எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் செல்லும். மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோடு என்பார்கள். பயப்பட வைக்கிற இந்த நிகழ்ச்சி, உண்மையில் வண்டியின் கம்ப்யூட்டர் தெரிந்தே எடுக்கும் ஒரு தற்காப்பு நடவடிக்கை. பழைய அம்பாசடரில் காலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கம்பிகளும் தண்டுகளும் நேரடியாக இணைந்திருந்தன. மிதித்த அளவு திறந்தது. இப்போதைய வண்டிகளிலோ பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நேர்த் தொடர்பே கிடையாது. பெடலின் நிலையை இரண்டு தனித்தனி சென்சார்கள் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. கம்ப்யூட்டர் ஒரு சிறு மோட்டாரைக் கொண்டு த்ராட்டிலைத் திறக்கிறது. திறந்த அளவை வேறு இரண்டு சென்சார்கள் சரிபார்க்கின்றன. பல வண்டிகளில் பெடலின் ஒரு சென்சார் காட்டும் வோல்டேஜ் மற்றதைப்போல் இரு மடங்கு இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அந்த விகிதம் கெட்டுப்போனால், ஓட்டுகிறவருடைய கால் என்ன கேட்கிறது என்பது கம்ப்யூட்டருக்கு நிச்சயமாகத் தெரியாமல் போகிறது; நிச்சயமில்லாதபோது வண்டியைத் தறிகெட்டு ஓடவிடுவதைவிட அடக்கி நடத்துவதே மேல் என்று அது முடிவு செய்கிறது. நடுத்தெருவில் அந்த முடிவு நமக்கு எரிச்சலூட்டினாலும், உயிரைக் காக்கும் விவேகம் அதில் இருக்கிறது.

இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது, முதலில் ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்குவது. வெப்பமானி சிவப்பைத் தொட்டிருந்தாலோ, எண்ணெய் விளக்குச் சிவப்பாக எரிந்தாலோ, அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர் ஓட்டுவதுகூட என்ஜினைப் பலி கொடுப்பதாகலாம். அவை இல்லாவிட்டால், ஒரு தடவை அணைத்துச் சில நிமிஷங்கள் கழித்து மறுபடி போடலாம். அப்போது வண்டி பழையபடி ஓடினாலும் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணலாகாது. கம்ப்யூட்டரின் நினைவில் பதிந்த கோளாறு எண் உள்ளேயே இருக்கும், நிதானமாக ஓட்டிப் பட்டறையைச் சேர வேண்டும். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அதன் பொருள் வேறு: ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அது சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்று. அந்த வண்டியை விரட்டவே கூடாது.

எண்ணைப் படிக்கும் முறை, அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஒன்றாக்கப்பட்டு, பின்னர் உலகமெங்கும் பரவிற்று. ஓட்டுகிறவருடைய முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியில், பதினாறு முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் எண்கள் வந்துவிடும். பி 2135 த்ராட்டில் சென்சார்கள் ஒன்றோடொன்று ஒவ்வவில்லை என்பதையும், பி 2138 பெடல் சென்சார்கள் ஒவ்வவில்லை என்பதையும், பி 0171 கலவையில் எரிபொருள் போதவில்லை என்பதையும், பி 0087 எரிபொருளின் அழுத்தம் குறைவு என்பதையும், மேலே சொன்ன பி 0299 டர்போவின் அழுத்தம் போதவில்லை என்பதையும் குறிக்கும். இந்த எண்கள் தெரிவிப்பது, கோளாறு எங்கே உணரப்பட்டது என்பதையே தவிர, எதனால் விளைந்தது என்பதையல்ல. டர்போவின் அழுத்தம் போதாமைக்கு டர்போவும் காரணமாகலாம். கிழிந்த ஹோஸும், எலி கடித்த வேக்குவம் குழாயும் காரணமாகலாம். த்ராட்டில் சென்சார்கள் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் த்ராட்டிலின் கனெக்டரில் பூத்த பச்சைக் களிம்போ, உரசி நைந்த ஒயரோ, தளர்ந்த எர்த் இணைப்போ, வலுவிழந்த பேட்டரியோ காரணமாக இருப்பதுண்டு. த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்து அது ஒட்டிக்கொள்வதும் சகஜம். அதற்குரிய ஸ்பிரேயால் துடைத்து, சில வண்டிகளில் ஸ்கேனரால் மறுபடி பழக்கிவிட்டால் போதும்.

எண்ணுக்கும் காரணத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லலாம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி ஒன்று மிஸ்ஸிங் அடிக்கிறது. பி 0302 வருகிறது. இரண்டாவது சிலிண்டரில் எரிப்பு நடக்கவில்லை என்பது இதன் பொருள். அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயிலும், பிளக்கும், இன்ஜெக்டரும், ஏன், வால்வும்கூடச் சந்தேகத்துக்குரியவையே. முதல் மூன்றையும் புதிதாக வாங்கி வரச் சொல்லுகிறவர்கள் உண்டு. நல்ல மெக்கானிக்கோ, என்ஜினை நிறுத்தி, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுவார். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்டுவார். எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பார். இப்போது பி 0303 வந்தால், குற்றம் காயிலோடு கூடவே இடம் பெயர்ந்துவிட்டது, காயில்தான் கெட்டது. மறுபடியும் பி 0302-வே வந்தால் காயில் நிரபராதி. பிளக்கை அதேபோல் மாற்றிப் பார்க்கலாம். கால்மணி நேரம் செலவாகும்; காசு செலவாகாது. இதைச் செய்து பார்த்தீர்களா என்று வண்டிக்காரர் கேட்பதற்குத் தயங்கவே வேண்டியதில்லை.

எரிபொருளைப் பொறுத்தவரை, டீசல் வண்டிகளில் ஃபில்டர் அடைப்பும், டீசலில் கலந்த தண்ணீரும் இழுவைக்குறைவுக்கு மிகச் சாதாரணமான காரணங்கள். ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சற்றுநேரம் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். இக்கால டீசல் என்ஜினின் காமன் ரெயிலில் அழுத்தம் முழுப் பாரத்தில் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் போகிறதாகையால், சொட்டுத் தண்ணீரும் தூசியும்கூட அங்கே பொறுக்கப்படமாட்டா. சாதாரண பெட்ரோல் வண்டியில் அழுத்தம் மூன்று நான்கு பார்தான். ஆனால் அந்த அழுத்தத்தைத் தருகிற பம்பு டாங்கிக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்து அந்தப் பெட்ரோலாலேயே குளிர்விக்கப்படுவதால், எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களுடைய பம்பு சூடேறிச் சீக்கிரம் தளர்ந்துவிட இடமுண்டு. தளர்ந்த பம்பு நின்ற வண்டியில் சரியான அழுத்தத்தையே காட்டும். நெடுஞ்சாலையில் முழு வேகம் கேட்கும்போதுதான் கைவிடும். பிரஷர் கேஜை மாட்டிக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டியதன் அவசியம் இதனால்தான். ஸ்கேனரில் ஃப்யூவல் ட்ரிம் என்று ஒரு கணக்குத் தெரியும். கம்ப்யூட்டர் தன் வழக்கமான அளவுக்குமேல் எத்தனை சதவிகிதம் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதே அது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய அந்தக் கணக்கு, சும்மா ஓடும்போது மட்டும் இருபது வரை ஏறி, வேகம் கூட்டும்போது குறைந்தால், எங்கோ ஒரு வேக்குவம் குழாய் ஒழுகுகிறதென்று சந்தேகிக்க வேண்டும். வேகத்தோடு கூடவே ஏறினால் பம்பையும் ஃபில்டரையும் ஏர் ஃப்ளோ சென்சாரையும் பார்க்க வேண்டும்.

புகை போகும் வழி பலருடைய கவனத்துக்கு வருவதே இல்லை. வெளிவாசல் அடைபட்ட கல்யாண மண்டபத்துக்குள் மேலும் ஆட்கள் நுழைய முடியாதது போல, எரிந்த புகை வெளியேறாத சிலிண்டருக்குள் புதிய காற்று நுழைய இடமில்லை. கன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு, எரியாத பெட்ரோலின் உஷ்ணத்தால் உருகி அடைத்துக்கொண்டால், வண்டி ஒரு வேகத்துக்குமேல் போகவே போகாது. இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜை மாட்டி, என்ஜினை 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்தால், முள் ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போவது இதற்கு நல்ல அடையாளம். கன்வெர்ட்டரை மாற்றுவதோடு நின்றுவிட்டால், அதை உருக்கிய மிஸ்ஸிங் புதியதையும் உருக்கிவிடும். மூலத்தை முதலில் தீர்க்க வேண்டும்.

இந்தியாவில் 2020-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின், டீசல் கார்களின் புகைவழியில் டி.பி.எஃப். என்ற கரிவடிகட்டி வந்துவிட்டது. அதில் சேரும் கரியை, ஏறக்குறைய 600 டிகிரி உஷ்ணத்தில் வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சென்னையின் நெரிசலில் தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற வண்டிக்கு அந்த உஷ்ணம் வாய்ப்பதே இல்லை. கரி சேர்ந்து, விளக்கெரிந்து, கடைசியில் சக்தி குறைக்கப்படுகிறது. விளக்கு முதன்முதலாக எரிந்த உடனேயே, கையேட்டில் கண்டபடி, புறவழிச் சாலையில் இருபது நிமிஷம் போல நிறுத்தாமல் ஓட்டினால் அநேகமாகத் தீர்ந்துவிடும். அதை அலட்சியம் செய்தால் ஸ்கேனர் மூலம் எரிக்க வேண்டி வரும், அதுவும் தவறினால் வடிகட்டியையே மாற்ற நேரும். பாதியில் பாதியில் நின்றுபோன சுத்திகரிப்பால் சில வண்டிகளில் டீசல் என்ஜின் எண்ணெயில் கலந்து, டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்; அந்த எண்ணெயைத் தாமதமின்றி மாற்ற வேண்டும். வடிகட்டியைக் குடைந்தெறிந்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம் என்பதோடு, அந்தக் கரியை நம் குழந்தைகளின் சுவாசத்தில் கலக்கிற காரியமுமாகும். அதற்கு யாரும் உடன்படலாகாது.

இவ்வளவும் பார்த்துத் தீராதபோதுதான் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்துப் பதினைந்து சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசமிருந்தால், பெட்ரோல் என்ஜினாகில் குறைந்த சிலிண்டரில் பிளக் துவாரம் வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ ஒழுகுகிறது. எல்லாச் சிலிண்டரும் ஒரேயடியாகக் குறைந்திருந்தால், டைமிங் பெல்ட்டோ செயினோ ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழுது தீர்ந்ததாகச் சொல்லி வண்டியைக் கொடுக்கும்போது, கழற்றிய பழைய பாகத்தையும், வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த அளவுகளையும் கேட்டு வாங்கிக்கொள்வது நலம். செக் என்ஜின் விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. ஸ்கேனரில் எண்ணை அழித்தாலே விளக்கு அணைந்துவிடும், காரணம் இருந்தால் சில நாளில் திரும்பவும் எரியும். எண்ணை அழிக்கும்போது கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகளும் கூடவே அழிந்து, மறுபடி முடிவதற்குச் சில நாள் ஓட்டம் பிடிக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் ஸ்கேனரைப் போட்டு, அந்தப் பரிசோதனைகள் முடியாமல் கிடப்பதைக் கண்டால், விற்கிறவர் சமீபத்தில் எதையோ அழித்திருக்கக்கூடும் என்று சந்தேகித்து விசாரிப்பது நியாயம். பழுது பார்த்த வண்டியை, கோளாறு தோன்றிய அதே மேட்டில், அதே கியரில், அதே அளவு ஆட்களை ஏற்றிக்கொண்டு, கூடுமானால் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.